பழைய டேங்கில் போட்ட ஓட்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்குக் குறையொன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசு எப்படி என்றால், காலையிலிருந்து மூன்று தடவை பேனாவை எடுத்து வைத்துவிட்டு, துணி மடித்து, அடுப்பைத் துடைத்து, மறுபடி வந்து உட்கார்ந்திருக்கிறேன், அதிலேயே உனக்குத் தெரிந்துவிடும். சித்தி நேற்று வந்து போனாள், முழங்கால் வலி தேவலையாம். வாய் மட்டும் குறையவில்லை. அத்தான் கம்ப்ரசர் வாங்கப் போகிறாரா, கம்ப்ரசருக்குப் பரீட்சை வைக்கப் போகிறாரா என்று கேட்டாள். வழக்கமாகச் சிரிக்கிற அப்பா நேற்றுச் சிரிக்கவில்லை.

அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன். அப்பா பஸ் பாடி கம்பெனியை விட்டு வந்து, பின்கட்டு ஷெட்டில் பீரோவுக்கும் கதவுக்கும் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறார் அல்லவா, பழைய கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரையும் துப்பி பெயின்ட்டில் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி விழ ஆரம்பித்ததும், டூ ஸ்டேஜ் ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தார். முடிவு செய்து நாலு மாதம் ஆகிறது. ஒரு கடையில் ரெண்டு சிலிண்டர் வைத்த ஒன்றைக் காட்டி டூ ஸ்டேஜ் என்று தலையில் கட்டப் பார்த்தார்கள். நம் கம்ப்ரசர் மெக்கானிக் கூடப் போனதால் தப்பித்தார். ரெண்டு சிலிண்டரும் ஒரே அளவாக இருந்தால் அது டூ ஸ்டேஜே இல்லையாம், பெரியதில் ஒரு முறை அமுக்கி, நடுவில் குழாயில் ஆறவிட்டு, சின்னதில் மறுபடி அமுக்க வேண்டுமாம், அப்போதுதான் காற்று அவ்வளவாகச் சூடேறாமல், தண்ணீரும் குறைந்து வருமாம். அன்றிலிருந்து அப்பா ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுத ஆரம்பித்தார். நான் சும்மா இருந்தேனா என்றால் இல்லை. சத்தம் எவ்வளவு வரும் என்று கேட்டேன், அதற்கொரு கட்டம். வீட்டுக் கரண்ட் தாங்குமா என்றேன், அதற்கொரு கட்டம். ஷெட்டுக் கதவில் நுழையுமா, உதிரிபாகம் கிடைக்குமா, சக்கரம் உண்டா. ஒவ்வொரு கேள்விக்கும் மனிதர் வண்டியை எடுத்துக்கொண்டு எல்லாக் கடைக்கும் திரும்பப் போனார்.

இதற்கு நடுவில் பழையதுதான் ஓடிக்கொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் டேங்கின் அடிக் குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும், அவர் மறப்பார், நான் அது அவர் வேலை என்று விட்டுவிடுவேன், வருஷக்கணக்காக உள்ளே துருவேறிவிட்டது. போன மழைக்கு ஊசித் துளையாகக் காற்று கசிந்தபோது அவருடைய வெல்டர் நண்பர் ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். மெக்கானிக் அந்த ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, டீ டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் நின்று குடித்தார். அப்புறம்தான் சொன்னார், இது கசிகிற வரைக்கும் நல்லது, ஒரேயடியாகப் பிளந்தால் சுவரே நிற்காது என்று. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் சமையலறை. அப்பாவோ, பள்ளிக்கூடத்து அலமாரி இன்னும் பத்துதான் பாக்கி, அதற்குள் புதுசு வந்துவிடும் என்றார். மோட்டார் ஓட ஆரம்பித்தால் அது தானாக நிற்கிற வரை எனக்குக் கை ஓடாது. அவர் அதன் பக்கத்திலேயே குனிந்து நின்று அடித்துக்கொண்டிருப்பார்.

செவ்வாய்க்கிழமை அவர் ஏழாவது கடைக்குப் போன நேரத்தில் நான் ஷெட்டுக்குப் போனேன். பிளக்கைப் பிடுங்கினேன், காற்றையெல்லாம் திறந்துவிட்டேன், அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்ததை ரெண்டு தடவை பார்த்தேன், அப்புறம் அவருடைய டிரில்லிங் மெஷினை எடுத்து ஒட்டுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். நாலு எண்ணுவதற்குள் உள்ளே போய்விட்டது, தகடு பிஸ்கட் மாதிரி. செங்காவித் தண்ணீர் என் காலில் கொட்டியது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன், செய்த காரியத்தை நினைத்தா, தகட்டை நினைத்தா என்று இன்னும் தெரியவில்லை.

அப்பா வந்து பார்த்தார். ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். “எட்டு மில்லி பிட்டு,” என்றார், நான் மெஷினில் மாட்டியிருந்த முனையின் அளவை. அவ்வளவுதான். கத்தவில்லை, அன்று சாயங்காலமே போய் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வந்தார், பெரிய சிலிண்டர் ஒன்று சின்னது ஒன்று, வீட்டுக் கரண்டிலேயே ஓடுமாம். ஆனால் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. நேற்று சித்தி போன பிறகுதான் வாயைத் திறந்தார். “என்கிட்ட சொல்லியிருக்கலாமே.” நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டுதானே இருந்தேன் என்றேன். “நீ எங்க சொன்ன? கேள்வியா கேட்ட. நீ கேட்டதுக்கெல்லாம் பதில் தேடிக்கிட்டு அலைஞ்சேன். பயமா இருக்குன்னு ஒரு வாட்டி சொல்லியிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன்ல.” யோசித்துப் பார்க்கிறேன், அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லை. படித்தவள் என்கிற நினைப்பு, பயத்தைக்கூடக் கணக்குக் கேள்வி மாதிரி கேட்டிருக்கிறேன்.

நாளைக் காலையில் புதுசு வருகிறது. தினம் தண்ணீர் வடிப்பது இனி என் பொறுப்பு. உன்னிடமும் இப்படித்தான் இருந்திருக்கிறேன் என்று தோன்றுகிறது. நீ அந்தக் காற்றாலைக் கம்பங்களில் ஏறுகிற வேலைக்குப் போனதிலிருந்து பூட்ஸ் எப்படி, கையுறை எப்படி, கூட ஏறுகிறவர் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், நீயும் பொறுமையாகப் பதில் எழுதுகிறாய். இனி அதெல்லாம் வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. நீ வேலையை விட வேண்டாம், பதில்கூட எழுத வேண்டாம், தெரிந்து வைத்துக்கொள், போதும்.

நீ நீண்ட ஆயுளோடு, நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இருக்க வேண்டும். சித்தி மகனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, ஞாபகமாக ஒரு வார்த்தை பேசு.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா