சொன்னதைச் சொன்னபடி

சோழவந்தான்,
மாசி 20.

என் தங்கம் பாண்டீஸ்வரிக்கு, அப்பத்தா அன்னக்கொடி எழுதுவது. இங்கே உன் அப்பன் முதல் கன்றுக்குட்டி வரைக்கும் எல்லாரும் சுகம். அங்கே ஜெர்மனிக் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு திரிகிறாயா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

முதலில் நல்ல சேதி. உன் தம்பி சூரியபிரகாஷ் அலங்காநல்லூரில் நாலு மாடு பிடித்து ஒரு பீரோ பரிசு வாங்கி வந்திருக்கிறான். அதை வைக்கத்தான் வீட்டில் இடமில்லை. உன் அத்தை மகன் சித்தார்த் வக்கீல் பரீட்சை தேறி, கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு நம் தெருவை இரண்டு தடவை சுற்றினான். இவர்களுக்கெல்லாம் மேலே நீ!

அங்கே ஆராய்ச்சி செய்து நீ இங்கிலீஷில் எழுதின கட்டுரையைச் சித்தார்த் தாளில் அச்சடித்து எடுத்துவந்து, பக்கம் பக்கமாகத் தமிழில் சொன்னான். ஒரு நாட்டுத் தலைவர் பேசுவது ஒரே பேச்சுதான். ஒரு ஊர்ப் பத்திரிகை ‘விளக்கினார்’ என்று போடுகிறது, இன்னொரு ஊர்ப் பத்திரிகை ‘மிரட்டினார்’ என்று போடுகிறது. அவரை நேரில் பார்க்காத சனம், எழுதினவன் சொன்னபடிதான் அவரை நல்லவர் என்றோ பொல்லாதவர் என்றோ நினைக்கிறது. ஆறு நாட்டுப் பத்திரிகைகளில் நாலாயிரம் செய்தியைப் பிரித்துப் பார்த்தாயாமே! அம்புட்டுப் பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது தாயி?

ஆரப்பாளையம் போனபோது நானும் இரண்டு பேப்பர் வாங்கினேன். அஞ்சாம் வகுப்புப் படிப்புக்கு, பஸ்ஸில் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சோழவந்தான் வந்துவிட்டது. எங்கோ இரண்டு நாட்டுச் சண்டை. ஒரே ஆள். ஒன்றில் ‘உறுதியாகக் கூறினார்’, மற்றதில் ‘பிடிவாதம் பிடித்தார்’. பக்கத்தில் இருந்த பெண்ணிடம், “இதக் கண்டுபிடிச்சது எம் பேத்தியாக்கும்” என்றேன். “எந்தப் பள்ளிக்கூடத்து டீச்சரு?” என்று கேட்டாள். அவளுக்கு எங்கே தெரியப்போகிறது.

பெருமை கொஞ்சம் அடங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக நம் வீட்டில் அந்தப் பத்திரிகைக்காரன் வேலையை நான் பார்த்திருக்கிறேன். போனில் சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் இந்தக் கடுதாசி.

தட்டு மாற்றின விக்கிரமங்கலத்துச் சம்பந்தத்தை வேண்டாமென்று நீ படிக்கப் போன அன்று, உன் அப்பன் சொன்னது, “போறவ போகட்டும். இனி அவ பேச்ச எங்கிட்ட எடுக்காதீக.” நான் உன்னிடம் சொன்னது, நல்லபடியாகப் போய் வரட்டும் என்றான் என்று. அதற்கப்புறம் அவன் உன்னை விசாரித்ததாகச் சொன்னதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அவராகப் பேசினால்தான் நான் பேசுவேன் என்று நீ சொன்னதை, “ஒங் குரலக் கேக்காம ஏங்கிப்போயிருக்காடா” என்று அவனிடம் மாற்றிச் சொன்னேன்.

இரண்டு பேர் மனசும் இளகட்டும் என்றுதான் செய்தேன். ஏங்குகிறவள் தானே கூப்பிடட்டும் என்று அவன் இருந்துவிட்டான். விசாரிக்கிறவர் தானே பேசட்டும் என்று நீ இருந்துவிட்டாய். என் வாயால் இரண்டு வருஷம் போய்விட்டது.

போன செவ்வாய்க்கிழமை, கொடிக்காலில் கிள்ளிவந்த வெற்றிலையை அவன் நூறு நூறாக அடுக்கிக்கொண்டிருந்தபோது, நீ சொன்னதைச் சொன்னபடியே சொல்லிவிட்டேன். “ரெண்டு வருசமா எங்கிட்டக் கதையா விட்டுக்கிட்டிருந்த ஆத்தா?” என்றான். மத்தியானம் சாப்பிடவில்லை. அடுக்கின கட்டைப் பிரித்து மறுபடி எண்ணினான், அதையும் பிரித்தான். நான் உன் கட்டுரையை அவன் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இங்கிலீஷில் அவனுக்குப் படிக்கத் தெரிந்தது மலையாண்டி என்கிற அவன் பேர் ஒன்றுதான், ஆதார் அட்டையில் பார்த்த பழக்கம். முதல் பக்கத்தில் உன் பேரோடு அவன் பேரையும் முழுசாகப் போட்டிருக்கிறாய். அதன்மேல் விரலை வைத்தவன் வெகுநேரம் எடுக்கவில்லை. வெற்றிலைக் கறை அந்தத் தாளில் இருக்கிறது.

மறுநாள் தண்ணீர் பாய்ச்சக் கிளம்பினவன் வாசலில் நின்று ஒன்று கேட்டான். இதில் ஒரு சொல்லும் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “அவ மெலிஞ்சுட்டாளா ஆத்தா?” என்றான்.

நல்லாத்தான் இருக்கா என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். நான் உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறதே, எனக்கு எப்படித் தெரியும்?

என்மேல் கோபமிருந்தால் என்னோடு வைத்துக்கொள். அவனோடு வேண்டாம். அழகர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். புதுசாக ஒரு போட்டோ எடுத்து, தாளில் கழுவித் தபாலில் போடு. செல்லில் வேண்டாம். அதை யாராவது ஒருத்தர் பிடித்துக் காட்ட வேண்டியிருக்கும். கவரில் என் பேரை எழுதாதே தாயி. மலையாண்டி என்று எழுது.

உன் அப்பத்தா,
அன்னக்கொடி