வாடப் போட்ட எலுமிச்சை

ஏப்ரல் 3, புதன்

காலையில் வீட்டுக்காரருக்குக் கஞ்சி ஊட்டித் துடைத்துவிட்டேன். உதவிக்கு வரும் ரெஜினாவும் நானுமாகப் புரட்டிப் படுக்க வைத்தோம். பிறகு வாசலில் இருந்த அவருடைய தொட்டிகளை ஒவ்வொன்றாக இழுத்துவந்து, கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு நேராக வெளியே வைத்தேன். இரண்டு எலுமிச்சை, ஒரு நாரத்தை, அவர் வெள்ளிமலையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கமலா ஆரஞ்சு. இடுப்பு விட்டுப்போயிற்று. அண்ணன் பார்க்கட்டும் என்றா இவ்வளவு பாடு, இன்னா பாசம் அக்கா உனக்கு என்றாள் ரெஜினா. ஆமாம், பார்க்கட்டும் என்றேன்.

தண்ணீர் ஊற்றவில்லை. இனி ஊற்றுவதாகவும் இல்லை.

ஏப்ரல் 5

இந்தத் தியாகதுருகம் வெயிலுக்குத் தொட்டி மண் அதற்குள் வெடித்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே கிடக்கிறார். பக்கவாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டதிலிருந்து பேச்சு இல்லை. செடியைப் பார்த்து "த... த..." என்கிறார். எதற்குத் தண்ணீர் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? டம்ளரை எடுத்து அவர் வாயில் ஊற்றினேன். தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஏப்ரல் 6

பாவமில்லையா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். இல்லை.

தீனதயாளனாம். பெயர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். மணலூர்பேட்டையில் அம்மா செத்துப்போனாள் என்று போன் வந்த அன்று நான் புடவை மாற்றிக்கொண்டு நிற்கிறேன். "செடிக்கு உங்கப்பனா தண்ணி ஊத்துவான்? ஊத்திட்டுப் போ" என்றார். ஊற்றினேன். இலையில் சேறு தெறித்துவிட்டது என்று முதுகில் ஒன்று வைத்தார். துணியை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைக்க விட்டார். துடைத்து முடித்துப் பஸ் பிடித்துப் போனால் அம்மாவைத் தூக்கிவிட்டிருந்தார்கள். மூஞ்சியக்கூடப் பாக்கலியே நான். பெத்தவ மூஞ்சிய.

அன்றைக்குத் தெருவில் விழுந்து அழுதேனே, அந்த மாதிரி அவர் ஒரு தடவை அழ வேண்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 9

இலையெல்லாம் சுருண்டுவிட்டது. ரெஜினா குடத்தோடு போனாள். தடுத்தேன். "செடி சாவுற மாதிரி கீதே அக்கா" என்றாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: எலுமிச்சை வகையை வாடப் போட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும், அப்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூக்கும், எல்லாம் அண்ணன் சொல்லிக்கொடுத்ததுதான். பொய்யுமில்லை. தை மாதம் தவறாமல் அப்படிச் செய்கிறவர்தான். ஆனால் இலை சுருள ஆரம்பித்ததுமே தண்ணீர் விட்டுவிடுவார். நான் விடப்போவதில்லை.

ஜன்னல் வழியாக அவர் காதில் விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு "த... த..." நின்றுபோயிற்று. முகத்தில் ஒரு நிம்மதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஏப்ரல் 11

சாயங்காலம் மழை. கேட்டவர் யார்? தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு இழுக்க ஓடினேன். வழுக்கி விழுந்து முழங்கை சிராய்ந்ததுதான் மிச்சம். எல்லாம் நனைந்துவிட்டது. நான் செடிக்காகத் துடிக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 30

குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையார் ஆன கதை. நான் ஒரு சொட்டு ஊற்றவில்லை, அன்றிலிருந்து வாரம் தவறாமல் மழைதான் ஊற்றியது. எல்லாத் தொட்டியிலும் மொட்டு.

மே 4

பூத்துவிட்டது. வீடெல்லாம் வாசம். அவர் அழுதார். ஆமாம், அழுதார் — சந்தோஷத்தில்.

வலது கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். குனிந்தேன். "செல்வி... கெட்டிக்காரி" என்றார். பேச்சு வந்துவிட்டது என்று ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் ஒரு நல்ல வார்த்தை. ஆக்கிப் போட்டதற்கு இல்லை. பிள்ளை பெற்றதற்கு இல்லை. பீ அள்ளுவதற்கு இல்லை. கொல்லப் பார்த்ததற்கு! சமையற்கட்டில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அவரு அழணும்னு பாத்தா நான் அழுதுகினு கிடக்கிறேன், இன்னா பொழப்பு இது.

மே 5, ஞாயிறு

ரெஜினா கோயிலுக்குப் போயிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"பூக்கட்டும்னு வாடப் போடலைங்க. நீங்க பாத்துக்கினு கிடக்க, எல்லாம் சாவட்டும்னுதான் போட்டேன். எங்கம்மா மூஞ்சிய நான் பாக்கல இல்ல? மழதான் கெடுத்துடுச்சி."

அவர் அழவில்லை. என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார்.

மே 6

காலையில் நானே எழுந்து போய்த் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

ஜூன் 2

பூவில் பாதி கொட்டிப்போனாலும் பிஞ்சு நன்றாகவே பிடித்திருக்கிறது. கமலா ஆரஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்ததால் குச்சி ஊன்றிக் கட்டினேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் பேசவில்லை. ஜன்னல் பக்கம் புரட்டிப் போட்டால் கண்ணை இறுக்கிக்கொள்கிறார். சுவர்ப் பக்கம் போட்டால்தான் திறக்கிறார். டாக்டர் கொடுத்த மாத்திரை ஜாஸ்தியாகிவிட்டதோ என்று ரெஜினா கேட்டாள். இருக்கும் என்றேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு தொட்டிகளைச் சமையற்கட்டு ஜன்னலுக்கு நேராக மாற்றி வைத்தேன். அண்ணனுக்குத் தெரியாதே என்றாள். எனக்குத் தெரிகிறது என்றேன்.