கேப்டனின் மூச்சு

அக்கா,

இன்று காலை எதிர் வீட்டில் உன் குரல் கேட்டது. பால்கனியில் துணி காயப்போட்டுவிட்டு, மிச்சத்தைக் கதவோரக் கொடியில் போடலாம் என்று வாளியோடு வந்தேன். எதிர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, நான் இப்போது இருக்கும் இந்த ஆவடி ஃபிளாட்டில் குடியேறியவர்கள், கணவன் மனைவி இருவருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. விடுமுறை நாள் என்பதால் பிள்ளைகள் டிவியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். "மேல வாங்க, யாரும் நிக்காதீங்க, பந்து இன்னும் நம்மகிட்டதான் இருக்கு" என்று நீ கத்தினாய்.

நான் ஈரச் சட்டையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார்.

"சத்தம் ரொம்ப கேக்கா சார்? குறைக்கச் சொல்லட்டா?"

"இல்லீங்க, இருக்கட்டும்."

அது எங்கள் அக்கா என்று சொல்ல வாய் வரை வந்தது. டிவியில் கத்திக்கொண்டிருந்தவன் ஜப்பான்காரர்கள் வரைந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். கால்பந்து அணியின் கேப்டன். மஞ்சள் பட்டை கட்டிய கை, நெற்றியை மறைக்கும் முடி. இவன் என் அக்கா என்று ஒரு மனுஷியிடம் எங்கிருந்து சொல்லத் தொடங்குவது? உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். சாத்திய பிறகும் நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

உன் குரல் சிறு வயதிலிருந்தே கரகரப்பு. கள்ளிக்குப்பத்தில் நம் வீட்டு வாசலில் நின்று நீ என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால், ஏரிக்கரையில் பந்து உதைத்துக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். என்னோடு ஆடுபவர்கள், "டேய், உங்க அண்ணன் கூப்டுறான்டா" என்று சிரிப்பார்கள். அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கேட்டால் தலையை மட்டும் ஆட்டு என்று சொல்லி உட்கார வைத்தாள். நீயும் ஆட்டிக்கொண்டே இருந்தாய். கடைசியில் மாப்பிள்ளையாக வந்திருந்த மாமாவே கேட்டுவிட்டார்: "பேச மாட்டியா?"

"பேசுவேன். ஆம்பள கொரலு மாதிரி கீதுன்னு பேச வேணான்னுட்டாங்க."

மாமா சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த காபி சட்டையில் கொட்டியது. கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது.

அந்தக் குரல் உன்னை ஸ்டுடியோ வரை கொண்டுபோகும் என்று நம் வீட்டில் யார் நினைத்தோம்? நம் பின் தெருவில் ஓர் அம்மா டிவி தொடர்களில் கூட்டத்தின் சத்தத்துக்குக் குரல் கொடுக்கப் போவார். சந்தை, கல்யாண வீடு, சண்டை எல்லாவற்றுக்கும் ஆட்கள் வேண்டும். ஒருநாள் ஆள் குறைகிறது என்று உன்னையும் வடபழனிக்கு அழைத்துப்போனார். மைதானத்தில் கூட்டம் கத்துகிற காட்சி. எல்லோரும் கத்தி முடித்ததும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து டைரக்டர் மைக்கில் கேட்டாராம்: "அங்க ஒரு பையன் இருக்கானே, யாரது?" நீ கையைத் தூக்கியிருக்கிறாய்.

கேப்டனுக்குத் தமிழ்க் குரல் கொடுக்கும் வேலை உனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஆனால் கேப்டன் பேச வேண்டியது புத்தகத் தமிழும் இல்லை, நம் தெருத் தமிழும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. "கீது வேணாம்மா, இருக்கு" என்று டைரக்டர் திருத்துவார். நீ அதை வீட்டில் பழகினாய். சமையலறையில் நீ வெங்காயம் அரிய, நான் வாசற்படியில் உட்கார்ந்து கோல்கீப்பராகவும் பயிற்சியாளராகவும் எதிரணியாகவும் வசனம் படித்தேன். நடுவில் குக்கர் சத்தம் போட்டால், "டேய் கோல்கீப்பரு, அடுப்ப அணை" என்பாய். அணைத்துவிட்டு வந்து மறுபடி கோல் காப்பேன்.

அந்தத் தொடரில் கோல் போடுகிறவன் வேறொருவன். கேப்டன் நடுவில் நின்று எல்லோர் பெயரையும் கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். தோற்றுக்கொண்டிருக்கும்போது இன்னும் சத்தமாகக் கூப்பிடுவான். ஒருநாள் நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "பாவம்டா அவன். எல்லாரையும் ஓடு ஓடுன்னு சொல்லிகினே கீறான். அவன யாராவது செத்த ஒக்காருன்னு சொல்றாங்களா பாரு."

பாப்பாவின் வகுப்பில் யாரும் நம்பவில்லை. கேப்டன் எங்க அம்மாதான் என்று சொன்னதற்கு அவளைக் கேலி செய்து அழவைத்துவிட்டார்கள். மறுநாள் அவளை அழைத்துவர அம்பத்தூர் பள்ளிக்கு நீயே போனாய். வாசலில் பிள்ளைகள் கும்பலாக வெளியே வரும்போது, புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, கேப்டன் குரலில் பாப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தாய். அத்தனை பிள்ளைகளும் டிவிக்காரப் பையனைத் தேடித் தலையைத் திருப்பினார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் பாப்பா இன்றும் சிரிக்கிறாள். அந்த ஒரு கதைக்கு மட்டும்.

தொடரின் இரண்டாம் பாகத்துக்குப் பதிவு நடந்துகொண்டிருந்தபோதுதான் அது தொடங்கியது. "வலப்பக்கம் இடைவெளி இருக்கு" என்று ஒரு வசனம். 'வலப்பக்கம்' உன் நாக்கில் வழுக்கியது. மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் வழுக்கியது. டைரக்டர் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். நீ வீட்டுக்கு வந்து மிளகுப் பால் குடித்தாய். குடிக்கும்போது புரையேறியது. அதன் பிறகு தண்ணீர் குடித்தாலே புரையேறியது. போனில் நீ பேசுவதைக் கேட்டு, குடித்திருக்கிறாயா என்று தெரிந்தவர் ஒருவர் கேட்டுவிட்டார். நீ சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தொண்டை மருத்துவர் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். அங்கிருந்து நரம்பு மருத்துவரிடம். அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாக்களில் நீயும் நானும் மாமாவும் உட்கார்ந்திருந்தோம். ஊசி குத்திப் பார்த்தார்கள், மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு மருத்துவர் நாற்காலியை நம் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாக்குக்கும் தொண்டைக்கும் போற நரம்புங்க ஒவ்வொண்ணா செத்துட்டு வருதுமா. அப்புறம் கைகாலுக்கும் வரும். நிறுத்துறதுக்கு மருந்து இல்ல. கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்வளவுதான்."

மாமா கேட்டார்: "ஆப்ரேசன் எதுனா பண்ணா?"

"இதுக்கு ஆபரேஷன் இல்லீங்க."

"வெளிநாட்டுல?"

"அங்கயும் இல்ல."

ரயிலில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உதட்டை அசைத்துக்கொண்டே வந்தாய். காதைக் கொடுத்துக் கேட்டேன். "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதன் பிறகு நாங்கள் செய்யாதது இல்லை. யார் எந்த வைத்தியரைச் சொன்னாலும் போனோம். பூந்தமல்லியில் எண்ணெய் வாங்கினோம், திருவேற்காட்டில் வேண்டிக்கொண்டோம். நான் இன்டர்நெட்டில் தேடித் தேடிப் படித்தேன். எதைப் படித்தாலும் அந்த மருத்துவர் சொன்ன இடத்திலேயே வந்து நின்றது. நம் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் எந்தப் பாகம் என்று கண்டுபிடித்துக் கழற்றி வேறு மாட்டிவிடுவேன். அதுதான் என் வேலை. உனக்கு எந்தப் பாகம் என்று அவர்கள் படம் போட்டே காட்டினார்கள். தெரிந்து என்ன ஆயிற்று?

தொடரின் கடைசி ஆட்டம் மட்டும் பாக்கி இருந்தது. டைரக்டர் உனக்காக எவ்வளவோ தள்ளிப்போட்டார். இனி தள்ள முடியாது என்றானதும் அவரே கள்ளிக்குப்பத்துக்கு வந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் மாமாவின் பஸ் டிரைவர் வேலையைப் பற்றியும் சாலைப் பள்ளங்களைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். நீதான் குழறலாகக் கேட்டாய், உனக்குப் பதில் பேச எடுத்த புதுப் பெண் எப்படிப் பேசுகிறாள் என்று. எனக்கு மட்டும் புரிந்தது. நான் அவரிடம் திருப்பிச் சொன்னேன்.

"நல்லா பேசுறாம்மா. ஆனா ஓடுற மூச்சு அவளுக்கு வரல" என்றார் அவர்.

கேப்டன் ஆட்டம் முழுக்க ஓடுகிறவன். பேசாத நேரத்திலும் அவனுக்கு இரைக்கும். இடிபடும்போதும் விழும்போதும் எழும்போதும் ஒரு சத்தம் வரும். அதையெல்லாம் குரல் கொடுப்பவர்தான் தனியாகச் செய்ய வேண்டும். நீ என்னைப் பார்த்தாய். உன் கண்ணைப் பார்த்தே சொன்னேன்: "அத அவங்களே பண்றேன்றாங்கண்ணே."

நான் உன்னைப் பிடித்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குள் போனேன். மைக்கை உன் உயரத்துக்கு இறக்கினார்கள். அந்தப் பெண் பக்கத்தில் நின்றாள், கல்லூரி முடித்த வயது. உன் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். என்ன செய்வதென்று தெரியாமல் நீ அவள் தலையில் தட்டினாய். திரையில் கேப்டன் ஓடத் தொடங்கினான். அவள் பேச, நீ மூச்சு விட்டாய். அவன் விழுந்தபோது உன்னிடமிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நான் பதறி எழுந்துவிட்டேன். சவுண்ட் இன்ஜினியர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். நடுநடுவே நிறுத்தி, உன் வாயோரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வந்தேன். முடியும் வரை உட்கார மாட்டேன் என்றுவிட்டாய். உட்காரச் சொன்னவன் நான்தான் அக்கா. நீதான் கேட்கவில்லை.

அந்த ஆட்டத்தில் அவர்கள் தோற்றார்கள். கதையே அப்படித்தான். டிவியில் வந்த அன்று நம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். "இது அம்மா இல்ல" என்று பாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ அவள் கையை இழுத்து உன் நெஞ்சில் வைத்துக்கொண்டாய். கேப்டனுக்கு இரைக்கும்போதெல்லாம் அந்தக் கையை நெஞ்சில் தட்டினாய். கொஞ்ச நேரத்தில் பாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு அவள் படத்தைப் பார்க்கவே இல்லை, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கையும் போயிற்று. போனில் எழுதிக் காட்டுவது நின்றது. கடையில் பிள்ளைகளுக்கு விற்கும் எழுத்து அட்டையை வாங்கிவந்து உன் எதிரே பிடித்தோம். நான் விரலை நகர்த்துவேன், நீ கண்ணை மூடித் திறந்தால் அந்த எழுத்து. நம் மொழியில் இத்தனை எழுத்து எதற்கு என்று அப்போதுதான் கோபம் வந்தது. ஒரு சொல் முடிவதற்குள் நீ களைத்துவிடுவாய். அதனால் பாதிச் சொல்லிலேயே நான் ஊகித்துச் சொல்லிவிடுவேன். மருத்துவரிடம், மாமாவிடம், பார்க்க வந்தவர்களிடம், எல்லோரிடமும் உனக்காக நான் பேசினேன். ஒருநாள் பாப்பா என்னை மடக்கினாள்.

"மாமா, நல்லா படிக்கச் சொன்னாங்கன்றியே, அம்மா நெஜமாவே அதான் சொன்னாங்களா? இல்ல நீயா சொல்றியா?"

"அம்மாதான் சொன்னாங்க."

"எப்டி தெரியும்?"

உன்னைப் பார்த்தேன். நீ எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீ போவதற்குச் சில நாட்களுக்கு முன், ஒரு காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதற்கு வெகு நாள் முன்பே நீ சத்தம் எழுப்புவதை விட்டுவிட்டிருந்தாய். அன்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. 'அ'வில் தொடங்கி, மூக்கில் சற்று நின்று, மறுபடி திறந்த ஒரு சத்தம். ஓடிவந்து உட்கார்ந்தேன். மறுபடி சொன்னாய்.

"அம்மாவா? அம்மாவக் கூப்டவா?"

இல்லை என்பதற்குக் கண்ணை இறுக்க மூடுவாய். மூடினாய்.

"அந்தப் பக்கம் படுக்கணுமா?"

மூடினாய்.

"அங்க எதுனா கீதா? ஃபேனா? பாப்பாவா? தண்ணியா?"

அட்டையை எடுத்தேன். நீ அதைப் பார்க்கவே இல்லை, என்னையே பார்த்தாய். வாயால்தான் சொல்வேன் என்பதுபோல மறுபடி அந்தச் சத்தம். நான் தெரிந்த சொல்லெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் உயர்ந்துகொண்டே போனது. மாமா உள்ளேயிருந்து ஓடிவந்தார், அவருக்கும் புரியவில்லை. கடைசியில் உன் முகம் தளர்ந்தது. போகட்டும் விடு என்று சின்ன வயதில் என்னை மன்னித்துவிடும்போது பார்ப்பாயே, அந்தப் பார்வை. பிறகு கண்ணை மூடினாய். இறுக்கமாக அல்ல, தூங்குவதற்கு.

அதன் பின் நீ எதையும் சொல்ல முயலவில்லை.

அந்தச் சத்தம் என்னிடம் இருக்கிறது, அக்கா. மறந்துவிடுமோ என்ற பயத்தில், ஆளில்லாத நேரத்தில் நானே அதை எழுப்பிப் பார்க்கிறேன். சென்னீர்குப்பம் சிக்னலில் வண்டிகள் நகராமல் நிற்கும்போது, ஹெல்மெட்டுக்குள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதற்குள் வைத்துப் பார்க்கிறேன். அந்தி. அன்னிக்கு. அண்டையில. சில சொற்கள் பொருந்துவதுபோல் இருக்கின்றன. சரியா என்று கேட்டால் கண்ணை மூடக்கூட நீ இல்லை. பின்னால் நிற்பவன் ஹாரன் அடிக்கிறான். வண்டியை எடுக்கிறேன்.