உதவிக்கு யாரும் இல்லை

2016 ஜூன் 14, செவ்வாய்

காலை 10.52. பழுப்பு உறை. கதவின் தபால் துளையில் பாதி உள்ளே, பாதி வெளியே நின்றது.

நேரம் குறிப்பது நான் வேலை செய்யும் லேபின் பழக்கம். சரிபார்க்க எந்த கேஜ், அதாவது அளவுமானி, வந்தாலும் முதலில் நேரத்தை எழுது, அப்புறம் மற்றது. என் மனைவி ஹெதர் இறந்த செய்தியும் அப்படித்தான் என்னிடம் இருக்கிறது: பிப்ரவரி 9, மதியம் 1.17. ஆஸ்பத்திரியிலிருந்து போன். அதை எழுதி வைத்துவிட்டு, மேசையில் இருந்த கேஜையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் முடித்தேன்? இன்றுவரை தெரியவில்லை.

உறைக்குள் இரண்டு தாள். பதினேழு வயதிலிருந்து நான் வாங்கும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை நிற்கப் போகிறது. இனி புதிய திட்டம். தானாக மாறாது, இருபத்தெட்டு நாளுக்குள் நானே கேட்க வேண்டும். கேட்டாலும் கிடைக்கும் என்று இல்லை. பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘காலவரையின்றி’ என்று இருக்கிறது.

கார் அந்தப் பணத்தில்தான் ஓடுகிறது. நடமாட்டத்துக்கு என்று தருவதை நான் கையில் வாங்குவதில்லை, அதற்கு ஈடாகக் கார். கையாலேயே பிரேக், கையாலேயே ஆக்ஸிலரேட்டர். கார் போனால் லேபுக்குப் போக முடியாது. பதினான்கு மைல். காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது.

உறையை ரொட்டி டப்பாவின் மேல் வைத்தேன். பிறகு எடுத்து மாடிக்குக் கொண்டுபோனேன். பிறகு மறுபடி கீழே.

ஜூன் 16

போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லி நாற்பத்தாறு நிமிடம் வயலின் இசை. பிறகு ஒரு பெண் குரல், படிவம் அனுப்புகிறோம் என்றது. அவ்வளவுதான்.

ஜூன் 26, ஞாயிறு

நாற்பது பக்கம். போன தடவை இதையெல்லாம் ஹெதர்தான் நிரப்பினாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.

சமைக்க முடியுமா? முடியும். குளிக்க? முடியும். உடுத்த? முடியும். எத்தனை தூரம் நடப்பீர்கள்? இதற்கு யோசித்தேன். வாசலிலிருந்து கார் வரை பதினெட்டு அடி, தினமும் நடக்கிறேன். ‘நடப்பேன்’ என்று எழுதினேன்.

அன்றாட வேலைகளில் உங்களுக்கு உதவுபவர் யார்?

அரை மணி நேரம் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ‘யாரும் இல்லை’ என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது?

ஜூலை 4

அனுப்பியாயிற்று. மாமியார் மாரீன் வந்திருந்தார். நான் ஒருதடவை பாத்துக்குடுக்கட்டுமா என்று கேட்டார். உறைய ஒட்டிட்டேன் என்றேன். ஒட்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 6, செவ்வாய்

மதிப்பீட்டுக்கு ஆள் வந்தார். முன்பு நர்ஸாக இருந்தவராம். பெரிய மழை, கோட்டு நனைந்து நின்றார். எப்படி இருக்கீங்க என்றார். பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கேன் என்றேன். டீ குடிக்கிறீங்களா என்றும் கேட்டேன்.

கெட்டிலைச் சாய்க்க ஒரு கம்பிச் சட்டம் இருக்கிறது, நானே செய்தது. கோப்பையில் பாதிதான் ஊற்றினேன். சமையலறையிலிருந்து வரும் வழியில் கொஞ்சம் கையில் கொட்டியது. எனக்கு விரல்களில் சூடு தெரியாது, பாதங்களிலும் தெரியாது. அந்த நரம்புகள் செத்துக்கொண்டே வருகின்றன. அவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வண்டி ஓட்டுறீங்களா? ஓட்டுறேன். விழுறது உண்டா? எப்பவாவது. மனைவி இறந்த பிறகு தூக்கம்? தூங்குறேன்.

நாற்பது நிமிடம். போகும்போது டீ நல்லா இருந்துச்சு என்றார்.

செப்டம்பர் 7

இடது கையில் இரண்டு கொப்புளம்.

அக்டோபர் 18, செவ்வாய்

வந்துவிட்டது. அன்றாட வாழ்வுக்கு இரண்டு புள்ளி. நடமாட்டத்துக்கு நான்கு. எட்டு வாங்கினால்தான் ஏதாவது கிடைக்கும், பன்னிரண்டு வாங்கினால்தான் கார்.

‘பார்வையாளருக்குத் தேநீர் தயாரித்து, சுமந்து வந்து கொடுத்தார்.’ ‘முகத்தில் கலக்கம் தெரியவில்லை.’ ‘தமக்கு உதவ யாரும் இல்லை என்று அவரே குறிப்பிட்டுள்ளார். எனவே உதவி தேவைப்படவில்லை.’

அந்த ‘எனவே’யைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு எனவே எப்படி வரும்?

காரை ஏழு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

அக்டோபர் 20

மாரீன் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாவது தடவையும் படித்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“யாரும் இல்லைன்னா எழுதின?”

“உண்மைதானே. இப்ப யார் இருக்கா?”

“என் பொண்ணு பதினோரு வருஷம் உன் சட்டைக்குப் பட்டன் போட்டா. நீ குளிக்கப் போனா கதவுக்கு வெளியிலயே நிப்பா, நீ விழுந்துடுவியோன்னு. அதுல ஒரு வரிகூட எழுதலையே கண்ணு. அவ ஒண்ணுமே செய்யலன்னு ஆயிடுச்சே.”

கொண்டுவந்த இறைச்சிச் சாப்பாட்டை அடுப்பில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு சாப்பிடவில்லை. அவள் குளியலறைக்கு வெளியே நின்றது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது. துணி மடிக்கிறாள்னு நெனச்சேன். அந்த எடத்துல தினமும் என்னத்த மடிப்பா, அதக்கூட யோசிக்கல நான்.

நவம்பர் 10, வியாழன்

நூலகத்துக்கு மேல் மாடியில் ஆலோசனை மையம். மாரீன்தான் இழுத்துக்கொண்டு போனார். மோய்ரா என்று ஒருவர், நாற்பது வயது இருக்கும், கிளாஸ்கோ பேச்சு. கடிதத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“டீ போட்டுக் குடுத்தீங்களா?”

“வந்தவங்களுக்கு எப்படிக் குடுக்காம இருக்கறது?”

“இந்த ஊர்ல பாதிப் பேர் அந்த ஒரு டீயாலதான் இந்த நாற்காலியில வந்து உக்காருறாங்க. நல்லா வளத்துருக்காங்க உங்க எல்லாரையும்.”

மாரீன் சிரித்துவிட்டார். பிப்ரவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

மறுபரிசீலனை கேட்போம், அதைத் தள்ளிவிடுவார்கள், அதற்கு மேல் தீர்ப்பாயம் என்றார் மோய்ரா. வேண்டாம், நடந்தது நடந்துவிட்டது என்று சொல்லி எழுந்தேன். எழுந்தபோது கணுக்கால் மடங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதவிக்கு வரவில்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு எத்தனாவது தடவை?”

“மூணாவது.”

“படிவத்துல ‘நடப்பேன்’னு இருக்கு.”

சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது என்றார். ஒரு வேலையை ஒரே ஒரு தடவை செய்துகாட்டினால் போதாது. ஆபத்து இல்லாமல், சரியாக, நியாயமான நேரத்துக்குள், தேவைப்படும்போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடிய வேண்டும். அப்போதுதான் அது ‘முடியும்’.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. பத்துத் தடவை அழுத்திப் பார்த்து மூன்று தடவை மட்டும் சரியாகக் காட்டும் கேஜை நான் என்ன செய்வேன்? சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரமாக வைப்பேன். பன்னிரண்டு வருடமாக அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். படிவத்தில் எதைப் பார்த்து பச்சைச் சீட்டு ஒட்டினேன்?

டிசம்பர் 5, திங்கள்

காரைக் கொடுத்துவிட்டேன். ஷோரூம் ஆள் சாவியை வாங்கிக்கொண்டு, சுத்தமா வெச்சிருக்கீங்க என்றான். நன்றி சொன்னேன்.

டிசம்பர் 12

லேபில் என்னோடு வேலை செய்யும் கிரெய்க் தினமும் ஏற்றிக்கொண்டு போகிறான். ஆறரைக்கெல்லாம் வாசலில் ஹாரன். ‘டாக்ஸி காச எப்படா தருவ?’ என்றான் இன்று. ‘கையில குடுக்கலாம், கீழ போட்டுட்டா நீதான் பொறுக்கணும்’ என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தான். என்னிடமிருந்து அப்படி ஒன்று வரும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் ஏப்ரலில் அவன் ஷிப்ட் மாறுகிறது.

2017 ஜனவரி 3

நவம்பரில் கடைசியில் ஒத்துக்கொண்டு அனுப்பிய மறுபரிசீலனையில் மாற்றம் இல்லை. மோய்ரா சொன்னபடியே. மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 15, ஞாயிறு

தீர்ப்பாயத்துக்குக் காட்ட எழுதிய பதினான்கு நாள் பதிவு முடிந்தது. மோய்ரா கேட்டது இரண்டு வரிதான். எனக்குத் தெரிந்த முறையில் அட்டவணையாகச் செய்தேன்.

சட்டையில் ஏழு பட்டன். ஏழும் போட்டது பதினான்கில் நான்கு நாள். அதிகபட்சம் பத்தொன்பது நிமிடம். மற்ற பத்து நாள் ஸ்வெட்டர்.
விழுந்தது பதினொன்று. அதில் குளியலறையில் மூன்று.
தீக்காயம் இரண்டு. இரண்டும் பார்த்துத்தான் தெரிந்தது, வலித்து அல்ல.

கடைசிப் பத்தியில் ‘முன்பு’ என்று தலைப்பு. மாரீன் சொன்னதையும் எனக்கு நினைவிருப்பதையும் எழுத வேண்டும். பட்டன் போட ஹெதருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடம் இருக்குமா? அளந்ததே இல்லை. அவ பேசிக்கிட்டே போடுவா. முந்தின நாள் வேலையில எவ எவள என்ன சொன்னா, அந்தக் கதை. முடிச்சுட்டு காலர இழுத்து விடுவா. நான் கதையையும் கேக்கல, அவ கையையும் பாக்கல. கேஜ் எப்ப வரும், எத்தன வரும்னு மனசுல ஓடிட்டே இருக்கும்—

இன்று இதற்கு மேல் முடியாது.

ஜனவரி 16

எழுதி முடித்தேன். மூன்று பக்கம் வந்தது.

பிப்ரவரி 9

ஒன்றும் செய்யவில்லை. மாரீன் வந்தார், அவரும் ஒன்றும் செய்யவில்லை. டிவி பார்த்தோம்.

மார்ச் 2

மேலாளர் சாண்ட்ரா அறைக்குக் கூப்பிட்டார். வேலையில் குறை இல்லை, ஆனால் ஏப்ரலிலிருந்து எப்படி வருவீர்கள் என்று எழுத்தில் வேண்டும் என்றார். மாத முடிவுக்குள். அவர் முகத்தில் சங்கடம். அவருக்காக நான் வருத்தப்பட்டேன், அதுவும் ஒரு வியாதி.

தீர்ப்பாயத்துக்குத் தேதி வந்துவிட்டது. இதே மாதம் 21, கார்லைல் நகரில், காலை பத்தரை.

மார்ச் 20, திங்கள்

ஒன்றரை மணிக்கு உதவித்தொகைத் துறையிலிருந்து போன். ஆண் குரல், மிகவும் மரியாதை. என் பேப்பர்களை மறுபடி பார்த்தார்களாம். நடமாட்டத்துக்குக் கீழ்நிலைத் தொகை தர முடியும், அடுத்த வாரத்திலிருந்தே. மேல்முறையீட்டை விலக்கிக்கொண்டால் போதும்.

“நாளைக்கு அவ்வளவு தூரம் சிரமப்பட்டு வர வேண்டியதில்லையே சார். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

கார்? அதற்கு மேல்நிலை வேண்டும், அது இதில் வராது என்றார். சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று எப்படி வந்தது தெரியவில்லை. நான்கு மணிக்குக் கூப்பிடுவார்.

மோய்ராவைப் போனில் பிடித்தேன். இதை உங்களிடம் மறைக்க முடியாது என்றுதான் ஆரம்பித்தார். நாளை மூன்று பேர் உட்கார்ந்து கேட்பார்கள், கார் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம், இந்தச் சின்னத் தொகையும் சேர்த்து. முடிவு உங்களுடையது.

மாரீன் என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாளை சாட்சியாக அவரும் வருகிறார், காலையில் பட்டனும் அவரே போடுவதாக ஏற்பாடு. விஷயத்தைச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தார்.

“நீ என்ன சொன்னாலும் சரிதான் கண்ணு. ஆனா அந்த மூணு பக்கத்த யாராவது ஒருத்தர் உக்காந்து படிக்கணும். எனக்கு அவ்வளவுதான்.”

மேசையில் அந்த மூன்று பக்கமும் இருந்தது. எடுத்து முதல் பக்கத்தைப் படித்தேன். ‘அன்றாட வேலைகளில் எனக்கு உதவியவர் என் மனைவி ஹெதர்.’ என் கையெழுத்துதான். கீழ்நிலைத் தொகை என்றால் இதை யாரும் படிக்க மாட்டார்கள். ஃபைலை மூடிவிடுவார்கள்.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. அவர் குரல் நல்ல குரல். எடுத்தால் சரி என்று சொல்லிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

போனை அணைத்துவிட்டேன்.