நான்கு நிமிடம்

செப்டம்பர் 4

இல்லை, மறக்கவில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

பழைய ஸ்கேன்களைச் சேமிப்புக்கு மாற்றும்போது அண்ணனுடைய இதய எம்.ஆர்.ஐ. படம் வந்தது. மே மாதம். எடுத்தவள் நான். சாய மருந்து ஏற்றியதற்கும் படத்துக்கும் இடையே நான்கு நிமிடம்.

பத்து நிமிடமாவது பொறுக்க வேண்டும். நல்ல இதயத் தசை மருந்தை வெளியேற்றிவிடும். தழும்பு பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போதுதான் கறுப்பில் வெள்ளை தெரியும். அவசரப்பட்டால் எல்லாம் சாம்பல் நிறம்.

அன்று ஸ்கேன் குழாய்க்குள்ளிருந்து, "போதும் எலி, மூச்சு முட்டுது" என்றான். எலி என்றுதான் என்னைக் கூப்பிடுவான். வேறு யாராவது என்றால் பொறுக்கச் சொல்லியிருப்பேன்.

தழும்பு இல்லை என்று அறிக்கை போனது. அதை நம்பித் தீயணைப்புப் பயிற்சியில் சேர்ந்தான்.

செப்டம்பர் 5

அப்பா மாடிப்படியில் விழுந்து இறந்தபோது வயது நாற்பத்தொன்று. இதயத்தில் பழைய தழும்பு இருந்ததாம். பிறகுதான் சொன்னார்கள். அதனால்தான் அண்ணனுக்கும் படம் எடுத்தோம்.

செப்டம்பர் 6

போனில் கேட்டேன், இன்னொரு தடவை எடுக்கலாமா என்று.

"ஏன், முதல் படத்துல நான் அழகா விழலையா?"

பன்னிரண்டாம் தேதி இறுதித் தேர்வு. இருபத்தைந்து கிலோவைச் சுமந்து ஏழு மாடி ஓட வேண்டும். அதற்கப்புறம் வருகிறானாம்.

காரணத்தைச் சொல்லவில்லை. ஏன்? வேலைக்குப் பயந்தா? அவன் முகத்துக்கா?

செப்டம்பர் 8

ஏழு மாடி.

செப்டம்பர் 9

அம்மா அவன் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "பாவம், ரெண்டு படி ஏறினாலே இப்பல்லாம் மூச்சு வாங்குறான். பயிற்சி அப்படிப் பிழியுது."

பயிற்சியா?

அவன் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். சொல்லிவிட்டேன். "அண்ணா, நான் தப்புப் பண்ணிட்டேன். நீ கெஞ்சினேன்னு சீக்கிரமா எடுத்துட்டேன். அந்தப் படத்த நம்பாத."

நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டான். "நாலு மாசமா அத நம்பித்தானேடி ஓடினேன்."

வாசல்வரை போய்த் திரும்பினான். "இந்தத் தடவ நான் கெஞ்சினா காதுல வாங்காத."

செப்டம்பர் 10

தலைமை மருத்துவரிடம் படம் தெளிவில்லை என்று மட்டும் சொன்னேன். நாளைக்கே எடுக்கச் சொன்னார். ஏன் தெளிவில்லை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

செப்டம்பர் 11

ஆறாவது நிமிடம்: "எலி, முடிஞ்சுதா?"

எட்டாவது: "ஏய், நிஜமாவே முடியலடி."

நிறுத்தச் சொல்லி அமுக்கும் பந்து அவன் கையில்தான் இருந்தது. அமுக்கவில்லை. பேசும் பொத்தானிலிருந்து என் விரலை எடுத்துக்கொண்டேன். பேசினால் விட்டுக்கொடுத்துவிடுவேன்.

பத்து.

கறுப்புத் தசைக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோடு. நகத்தால் கீறியதுபோல.

"ஆரம்பம்தான்" என்றார் மருத்துவர். "மாத்திரை இருக்கு. தேவைப்பட்டா நெஞ்சுக்குள்ள ஒரு கருவி வெக்கலாம். ஆனா நாளைக்கு ஓடக் கூடாது. இனிமேலும்."

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டே, "அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றான்.

செப்டம்பர் 12

அவன் ஓடவில்லை. காலையிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான், சீருடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு.

மே 17, நான்கு நிமிடம், எடுத்தது நான் என்று ஒரு தாளில் எழுதினேன். கையெழுத்திட்டுத் தலைமை மருத்துவரின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.