கடைசிப் பக்கத்தில் ஒட்டிய ஒரு வரி

அனுப்புநர்:
பதிப்பாளர்,
மேசைக் கதை விளையாட்டு நூல் வெளியீடு,
தையல் கடை மாடி.

பெறுநர்:
பதிப்புரிமைப் பதிவாளர் அவர்கள்.

பொருள்: அக்கா படைத்த கதாபாத்திரத்தை அவரைக் கேட்காமல் பொதுவில் விட்டவர் மீது புகார் – அந்த நபர் நானே – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நடத்தும் விளையாட்டுக்கு நாங்கள் நூல் வெளியிடுகிறோம். கதை என் அக்காவுடையது. பயணச்சீட்டு கவுன்டர் வேலை முடிந்து வந்து ஏழு வருடம் எழுதினார். பகடை விதிகள் மட்டும், வேறொரு பதிப்பகம் திறந்த உரிமத்தில் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தவை.

2. அவ்விதிகளை எடுத்தாள்பவர் உரிமத்தை எழுத்து மாறாமல் கடைசிப் பக்கத்தில் அச்சிட வேண்டும். அதன் கீழே, தம் நூலில் எது பொது, எது சொந்தம் என்று தாமே எழுத வேண்டும். எங்கள் தொழிலில் இந்தப் பக்கத்தை யாரும் தட்டச்சு செய்வதில்லை. கைக்குக் கிடைத்த நூலிலிருந்து எடுத்து ஒட்டுவோம். நான் எடுத்தது வெறும் விதிக் கையேடு. “இந்நூலில் உள்ள அனைத்தும் பொது” என்ற அதன் வரியும் கூடவே வந்துவிட்டது. மூன்று முறை மெய்ப்புப் பார்த்தேன், கடைசிப் பக்கத்தைத் தவிர. அதை யார் படிக்கப் போகிறார்கள் என்ற அலட்சியம்தான்.

3. ஒருவர் படித்தார், எங்களைப் போன்ற இன்னொரு பதிப்பாளர். அக்காவின் கதையில் வரும் ‘ஒற்றைத்துடுப்பு’ என்ற படகுக்காரியை அந்தப் பதிப்பாளர் தம் நூலில் சேர்த்துக்கொண்டார். அடுத்த மாதம் வரும் இரண்டாம் பாகத்தில் அவளை ஆற்றில் மூழ்கடிக்கப் போவதாக விளம்பரமும் செய்துள்ளார். அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. குறை சொல்லத்தான் வழியில்லை. அச்சில் இருந்ததை நம்பினார். பதிவாளராகிய தாங்கள் எழுத்தில் சொன்னால் நிறுத்திவிடுவதாகப் போனில் ஒப்புக்கொண்டுள்ளார்.

4. தருபவர் தமக்கு உரிமையுள்ளதை மட்டுமே தர முடியும் என்று அதே உரிமத்தின் ஐந்தாம் பிரிவு சொல்கிறது. ஒற்றைத்துடுப்பு என்னுடையவள் அல்ல. அக்கா எதிலும் கையெழுத்திடவில்லை. அக்காதானே என்று நானும் கேட்கவில்லை.

5. அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “பேரு போனா போகட்டும்டா, அவளச் சாகடிக்க வேணாம்னு மட்டும் சொல்லு” என்றார். அன்றிலிருந்து அவர் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, அந்த வரி விதிகளை மட்டுமே குறிக்கும் என இம்மாத இறுதிக்குள் விளக்கம் தந்து உதவ வேண்டுகிறேன். தண்டனை எதுவானாலும் எனக்கு. விளக்கக் கடிதத்தை மட்டும் அக்காவின் பெயருக்கு அனுப்பிவையுங்கள்.

நாள்: 12, திங்கட்கிழமை
இடம்: பதிப்பக அறை

பிழைக்குப் பொறுப்பான
தம்பியும் பதிப்பாளரும்,
(கையொப்பம்)

இணைப்பு:
1. கடைசிப் பக்க நகல்.
2. அக்காவின் கையெழுத்துப் பிரதி. இதில் ஒற்றைத்துடுப்பு இறுதி அத்தியாயம் வரை உயிரோடு இருக்கிறாள்.