பெர்மனென்ட் நாற்காலி

3 செப்டம்பர் 2018, திங்கள்

"கடந்த வாரம் நேரில் எத்தனை பேருடன் பேசினீர்கள்?" தலைமை அலுவலகம் அனுப்பிய படிவத்தில் ஆறாவது கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. பால்காரம்மாவிடம் "அரை லிட்டர்" என்றது பேச்சில் சேருமா? பக்கத்து மனையில் வீடு கட்டுகிறவர் தண்ணீர் கேட்டார்; தலையை ஆட்டினேன். அது? காலியாக விட்டு அனுப்பினேன்.

கடலூர்க் கிளையை மூடி மூன்று மாதம். இயந்திரக் கையேடுகளைத் தமிழில் பெயர்க்க வீடு போதும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். இப்போது மனசு கேட்கவில்லை போலும், மாதம் பத்து வவுச்சர் தருகிறார்களாம். பட்டியலில் உள்ள எந்த இடத்துக்கும் போய் ஒரு நாள் மேசை, நாற்காலி, இணையத்தோடு வேலை செய்யலாம். வாடகை கம்பெனியுடையது. பட்டியலில் எங்கள் நெய்வேலி இல்லை. இருப்பதில் பக்கம் புதுச்சேரி.

7 செப்டம்பர், வெள்ளி

புதுச்சேரி போய்வந்தேன். ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம் பஸ். கண்ணாடிச் சுவர், குளிர். பதினாறு பேர், எல்லோர் காதிலும் ஹெட்போன். வாசலில் இருந்த பெண் "வெல்கம் மேம்" என்றாள். திரும்பும்போது "தேங்க்யூ மேம்." தனியாக இருக்க அவ்வளவு தூரம் போவானேன்? அது வீட்டிலேயே கிடைக்கிறது.

8 செப்டம்பர்

யாரிடமும் பேசவில்லை. ஃபோனிலும்.

12 செப்டம்பர், புதன்

ஜெராக்ஸ் எடுக்க மெயின் பஜார் போனேன். கடை வைத்திருக்கும் அமிர்தம் குடியிருப்பது வடக்குத்து கிராமத்தில், என் தெருவுக்கு அடுத்த தெரு. என்னைவிட நாலைந்து வயது சிறியவள்.

"என்னாக்கா, நாளெல்லாம் வூட்டுல ஒண்டியா குந்திகினு என்னாதான் பண்றீங்க?"

வவுச்சரைப் பற்றி ஏன் சொன்னேன்? சொல்லிவிட்டேன்.

"நம்ம கடைய அந்த லிஸ்ட்ல சேப்பாங்களா? ஊருக்கே ஆன்லைன் அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கறேன், எனக்குப் போட்டுக்க மாட்டேனா?"

நடக்காது என்றேன். எதற்கும் நான் முதலில் சொல்வது அதுதான்.

"நீங்க அங்க பெர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?"

இந்த ஊரில் பெயரைக் கேட்கும் முன் கேட்கிற கேள்வி. பெர்மனென்ட் என்றேன். அவள் கணவர் பதினெட்டு வருடமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட். "ஆங், அப்பிடிச் சொல்லுங்க" என்று விண்ணப்பத்தில் தட்டச்சு செய்துகொண்டாள்.

17 செப்டம்பர், திங்கள்

நடந்துவிட்டது. கடை பட்டியலில் வந்திருக்கிறது. என் ஃபோனில் இருந்த வவுச்சரை அவள் ஃபோன் படம் பிடித்ததும் 'ஏற்கப்பட்டது' என்று காட்டியது. ஜன்னலோரம் மேசை. சாப்பிட்டுவிட்டு வந்தால் நாற்காலியில் அவள் போட்ட துண்டு கிடக்கிறது, பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல.

25 செப்டம்பர், செவ்வாய்

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்த சாமிக்கண்ணு என்பவர், பேங்க் ஃபாரத்துக்குக் காத்திருந்த நேரத்தில் என் திரையை எட்டிப் பார்த்தார்.

"மசகுன்னா என்னாங்க?"

"கிரீஸுங்க."

"அப்ப கிரீஸுன்னே எழுத வேண்டிதுதானே?"

அமிர்தம் குறுக்கே வந்தாள். "அக்கா யுனிவர்சிட்டில படிச்சவங்க. அவங்களாண்டையே வம்பு பண்றீங்களே."

"நான் முப்பது வருசமா அதத் தடவிகினு இருக்கறவன், அமிர்தம்."

சிரித்தேன். வெளியே தெரிந்ததா என்று தெரியவில்லை. அவர் போனபிறகு, அறுபது பக்கத்திலும் கிரீஸ் என்று மாற்றினேன்.

4 அக்டோபர், வியாழன்

வீட்டுக்கு வந்தபின் மெயில் பார்த்தேன். வவுச்சர் செல்லாது. நாளுக்கு நாள் யார் வேண்டுமானாலும் மாறி உட்காரும் இருக்கைக்குத்தான் சலுகையாம். கடையின் விண்ணப்பத்தில் 'இருக்கை வகை: பெர்மனென்ட் / டெம்பரரி' என்ற இடத்தில் பெர்மனென்ட் என்று இருக்கிறது. கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜனவரியில் மறுபடி விண்ணப்பிக்கலாம். அதுவரை புதுச்சேரி.

இரண்டில் எது என்று கேட்டால் அவள் வேறு எதைப் போடுவாள்? ஒருவருக்குத் தருவதற்கு அதைவிட நல்ல வார்த்தை அவளிடம் இல்லை.

வவுச்சர் இருந்தவரை போவதற்குக் காரணம் இருந்தது. சும்மா போய் ஒருத்தர் கடையில் எப்படி உட்காருவது? யார் வீட்டிலும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. அவகிட்ட என்னன்னு சொல்றது — உன் ஒரு வார்த்தையால போச்சுன்னா? நாளை நேரில் போய் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். லேப்டாப் வேண்டாம்.

5 அக்டோபர், வெள்ளி

லேப்டாப் இல்லாமல் போனேன். ஜன்னலோர நாற்காலியில் ஒரு அம்மாள் ஃபாரம் எழுதிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்: வவுச்சர் இனிச் செல்லாது, கடையையும் எடுத்துவிட்டார்கள். காரணத்தைச் சொல்லவில்லை.

"தெரியும்க்கா. திங்கக்கெழமையே எனக்கு மெசேஜ் வந்துடுச்சு."

புதனும் வியாழனும் வவுச்சரைக் காட்டியபோது "நெட்டு ஸ்லோ, அப்பறம் பாத்துக்கலாம்" என்று என் ஃபோனைத் தள்ளியது இதற்குத்தானா.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வரமாட்டீங்க." பிரிண்டரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "லேப்டாப் எங்க?"

"வீட்டுல."

"போயி எடுத்துகினு வாங்க. உள்ள ஸ்டூலு இருக்குது, எடுத்துப் போட்டுக்குங்க. எனக்கு வேல கெடக்குது."

ஸ்கூட்டியில் போய் எடுத்து வந்தேன். ஸ்டூல் ஒரு பக்கமாக ஆடியது. அட்டையை மடித்து அடியில் வைத்தேன். ஐந்து மணி வரை இருந்தேன்.